மூன்றாவது கட்டத்து ஏ ஸ்டார்

கட்டம் போட்ட காகிதம் எதைக் கொடுத்தாலும் தில்லைநாயகம் நின்ற நிலையில் படித்து அர்த்தம் சொல்லிவிடுவார் என்று பாளையங்கோட்டை அரசு அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டவர் தில்லைநாயகம்தான். பிற்பாடு மற்றவர்களும் நம்பத் தொடங்கிவிட்டதால் மறுப்பு ஏதும் வரவில்லை.

அவர் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். வருடா வருடம் அரசுக்குப் போகிற வரவு செலவு அறிக்கை அவர் கை படாமல் போகாது. அதில் ஒவ்வொரு இனத்துக்கும் மூன்று கட்டம். முதலாவதில், வருடத் தொடக்கத்தில் குத்துமதிப்பாகப் போட்ட உத்தேசம். இரண்டாவதில், பாதி வருடம் போனபிறகு அந்த உத்தேசத்தைத் திருத்திப் போட்ட இன்னொரு உத்தேசம். மூன்றாவதில், உண்மையில் செலவான தொகை. புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்களை நிற்க வைத்து அவர் சொல்லும் உபதேசம் ஒன்று உண்டு.

"லே, மொத ரெண்டு கட்டமும் மனுசன் நெனைக்கது. மூணாவது கட்டந்தான் நடந்தது. அறிக்கைய எடுத்தா நேரா அங்கன போ. போற வழியில நிக்காத."

இப்பேர்ப்பட்ட மனிதரின் கைக்குத்தான் அவருடைய ஒரே மகள் விஜயஸ்ரீயின் பள்ளி அறிக்கை வந்து சேர்ந்தது.

விஜயஸ்ரீ பத்தாவது படித்தாள். ஊரில் உள்ள பழைய பள்ளிக்கூடங்கள் எல்லாம் மார்க் போடுகிற பள்ளிக்கூடங்கள் என்பதால், புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடமாகப் புதிதாக எழும்பியிருந்த ஒரு பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தார். அங்கே வெளிநாட்டுப் பாடத்திட்டம். மார்க் கிடையாது, ஏ, பி, சி என்று எழுத்துதான். ஏ-க்கும் மேலே ஏ ஸ்டார் என்று ஒன்று உண்டு. அந்தப் பள்ளியைப் பற்றி அலுவலகத்தில் அவர் பெருமையாகச் சொன்னபோது, அடுத்த பிரிவின் கண்காணிப்பாளர் காசிலிங்கம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "என்னவே, ஏ பி சி டி-தானா? அதத்தானவே பிள்ள எல்.கே.ஜி.லயும் படிச்சா?"

அந்தக் கேள்வி அன்றிலிருந்து தில்லைநாயகத்தின் நெஞ்சில் மீன் முள் மாதிரி நின்றது.

அறிக்கை கைப்பேசியில்தான் வந்தது. அதை அலுவலக அச்சு இயந்திரத்தில் கலரில் எடுத்தார். அரசாங்க மையை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் முதல் பக்கம் மட்டும் எடுத்தார். பாடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று கட்டம். கட்டங்களின் தலையில் ஏதோ இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகள். எழுத்து என்னவாயிருந்தால் என்ன, கட்டம் கட்டம்தானே. தில்லைநாயகம் வழியில் நிற்கவில்லை. நேராக மூன்றாவதுக்குப் போனார்.

மேலிருந்து கீழ்வரை ஏ ஸ்டார்.

அன்று சாயங்காலம் வண்ணார்பேட்டையில் உள்ள தன் வீட்டுக்குள் அவர் நுழைந்த விதத்தைப் பார்த்து, மனைவி சித்ரலேகா ஏதோ சம்பளக் கமிஷன் அறிவிப்பு வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"எல்லாத்துலயும் ஏ ஸ்டாரு" என்றார், செருப்பைக் கழற்றாமல்.

"பரீட்ச மே மாசம்னுல்லா சொன்னா இவ?"

"அது ஒரு சடங்குக்கு நடத்துறது. வெளிநாட்டுல முடிவ மொதல்லயே எடுத்துருவாங்க. நம்மள மாதிரி கடைசி நாள்ல கெடந்து அல்லாடுத சோலியெல்லாம் அங்க கிடையாது."

உள்ளே படித்துக்கொண்டிருந்த விஜயஸ்ரீ வாசலுக்கு வந்து நின்றாள். அப்பாவின் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அப்பா, அது மூணாவது கட்டம்ப்பா. அது வந்து…"

"ஏட்டி, மூணாவது கட்டம்னு எனக்கே பாடம் எடுக்கியா?" தில்லைநாயகம் சிரித்தார். "இந்தா, நீயே பாரு. கணக்குல மொதல்ல டி-ன்னு உத்தேசம் போட்டுருக்கான். பெறவு சி-ன்னு திருத்திருக்கான். கடைசில ஏ ஸ்டாரு. உத்தேசம் போடத் தெரியாத பயலுவ. இப்படி நான் எழுதியனுப்புனா தணிக்கைக்காரன் கிழிச்சித் தோரணம் கட்டிருவான்."

"பின்னாடிப் பக்கத்துல விளக்கம் போட்டுருக்காங்கப்பா."

"விளக்கம் வேணுங்கிறவங்க படிக்கட்டும்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். கண்டுபிடிக்க முடியாத எதையோ தேடுகிற பார்வை. பிறகு உள்ளே போய்விட்டாள். தில்லைநாயகம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடக்கம் தன் பக்கத்து வம்சத்தில் வருவது என்று மனைவியிடம் சொல்லவும் செய்தார். சித்ரலேகா சட்னிக்குத் தாளித்தாள்.

விஷயம் அத்தோடு வீட்டுக்குள் கிடந்திருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் சித்ரலேகாவுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் குமரகுருபரன். பி.காம். படித்துவிட்டு ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் பம்பு வியாபாரம் செய்தான். அது பிழைப்புக்கு. மற்ற நேரமெல்லாம் ஒரு நற்பணி மன்றத்தின் செயலாளராக இருந்தான். மன்றத்தின் நற்பணி என்பது பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் வைப்பது. வண்ணார்பேட்டை ரவுண்டானாவைச் சுற்றி எந்த நேரமும் யாராவது ஒருவர் ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருப்பார்: காது குத்துகிறவர், கல்யாணம் செய்கிறவர், காலமானவர், கட்சி மாறியவர். காலமானவரும் சிரிப்பார், படம் அப்படிக் கிடைத்திருக்கும். பொதுத் தேர்வு முடிவு வருகிற வாரத்தில் மட்டும் மற்ற எல்லாரும் விலகி, மாணவ மாணவியருக்கு இடம் கொடுப்பார்கள். இப்போது அந்த வாரத்துக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. ரவுண்டானாவில் இடம் காலியாகக் கிடந்தது. குமரகுருபரனுக்குக் கை அரித்தது.

"அத்தான், நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

"ரொம்பப் பெருசா வேண்டாம் குமரா" என்றார் தில்லைநாயகம். அலுவலகம் போகிற வழியில், பேருந்தில் உட்கார்ந்தவாறே வாசிக்கிற அளவுக்கு இருந்தால் போதும் என்பது அதன் பொருள். குமரகுருபரன் பொருள் அறிந்தவன்.

இரண்டு நாளில் ஃப்ளெக்ஸ் எழுந்தது. 'வெளிநாட்டுத் தேர்வில் அனைத்துப் பாடங்களிலும் ஏ ஸ்டார் பெற்று நெல்லைச் சீமையின் புகழைக் கடல் கடந்து நாட்டிய செல்வி தி. விஜயஸ்ரீயைப் பாராட்டி மகிழ்கிறோம்.' கீழே மன்ற நிர்வாகிகளின் தலைகள் வரிசையாக, குமரகுருபரனின் தலை மட்டும் கறுப்புக் கண்ணாடியோடு. மேலே மூலையில் விஜயஸ்ரீ பள்ளிச் சீருடையில் சிறிய வட்டத்துக்குள். நடுவில், ஆளுயரத்துக்கு, கோட்டுப் போட்டுக்கொண்டு தில்லைநாயகம்.

"பிள்ள போட்டோவப் பெருசாக்குனா உடையுது அத்தான். உங்க போட்டோதான் நல்லா நிக்கி" என்றான் குமரகுருபரன்.

தொழில்நுட்பக் காரணம் என்றபோது தில்லைநாயகத்தால் என்ன செய்ய முடியும்? ஒப்புக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் அவருடைய உத்தியோக வாழ்க்கையின் பொற்காலம். கோப்பில் கையெழுத்து வாங்க வந்தவர்கள் கையெழுத்துக்கு முன்னால் வாழ்த்துச் சொன்னார்கள். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தின் அறிக்கையை எப்படி வாசிப்பது என்று அவர் ஓய்வு வேளையில் ஐந்தாறு பேருக்கு விளக்கினார். தன் பெண்ணையும் அங்கே சேர்க்கலாமா என்று விசாரிக்க வந்த அசன் மைதீன் என்ற ஒப்பந்தக்காரர், விளக்கம் முடிவதற்குள் சேர்க்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். காசிலிங்கம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸைப் பார்த்ததாகக்கூட அவர் காட்டிக்கொள்ளாதது தில்லைநாயகத்துக்கு எல்லாப் பாராட்டையும்விட இனித்தது.

இதற்கிடையில் விஜயஸ்ரீ பள்ளிப் பேருந்தில் போவதை நிறுத்திவிட்டாள். பேருந்து ரவுண்டானாவைச் சுற்றித்தான் போகும். அம்மாவின் ஸ்கூட்டரில், சந்து சந்தாகப் புகுந்து வேறு வழியாகப் போனாள். கேட்டதற்குப் பேருந்தில் டீசல் வாடை தலையைச் சுற்றுகிறது என்றாள். சாப்பாட்டில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"என்னமோ சரியில்ல. நீங்க ஒரு வார்த்த கேளுங்க" என்றாள் சித்ரலேகா.

"புகழ் வந்தா அப்படித்தான் இருக்கும். பைய பழகிரும்" என்றார் தில்லைநாயகம், புகழைப் பல காலமாகச் சமாளித்து வருகிறவரின் பொறுமையோடு.

சனிக்கிழமை பெற்றோர் சந்திப்பு. சித்ரலேகாவுக்கு ஒரு வளைகாப்பு இருந்ததால் மகளைக் கூட்டிக்கொண்டு அவரே போனார். ஃப்ளெக்ஸில் போட்டிருந்த அதே கோட்டைப் போடலாமா என்று யோசித்து, வெயிலை உத்தேசித்து விட்டுவிட்டார். பின்னால் நினைத்துப் பார்த்தபோது, அந்த நாள் முழுவதிலும் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுவாகத்தான் இருந்தது.

வகுப்பாசிரியை டார்லின் உயிரியல் எடுப்பவர். பாளையங்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலிருந்து வாத்தியார் குடும்பம். குரலை உயர்த்தாமலே ஒரு வகுப்பை அமர்த்தி வைக்கிற ஆள் என்பது அவர் நாற்காலியை நகர்த்திப் போட்ட விதத்திலேயே தெரிந்தது. மேசையின் ஒரு பக்கம் அவர். எதிர்ப்பக்கம் தில்லைநாயகமும் விஜயஸ்ரீயும். நடுவே அறிக்கை, இரண்டு பக்கமும் அச்சாகி.

"பாராட்டெல்லாம் எதுக்கு டீச்சர், எல்லாம் உங்க உழைப்பு" என்று தில்லைநாயகம் தொடங்கினார். யாரும் இன்னும் பாராட்டியிருக்கவில்லை.

டார்லின் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு விஜயஸ்ரீயைப் பார்த்தார். அவள் குனிந்து மேசையின் விளிம்பில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், மூணு கட்டமும் என்னன்னு ஒரு தடவ சொல்லிருதேன். எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுததுதான்" என்றார் டார்லின். "இந்த மொதக் கட்டம் பிள்ள இன்னைக்கு இருக்க நெல. இன்னைக்கே பரீட்ச வச்சா இது வரும். ரெண்டாவது, நாங்க ஆசிரியர்கள் போடுற கணிப்பு. இப்ப படிக்கிற மாதிரியே படிச்சா மே மாசம் இங்கன வந்து நிப்பான்னு, அவ எழுதுன டெஸ்டு, வீட்டுப்பாடம் எல்லாத்தையும் வச்சிப் போடுறது. அது வாக்குறுதியும் இல்ல, தீர்ப்பும் இல்ல. கூடலாம், கொறையலாம். ஆனா பெற்றோர் பாக்க வேண்டியது அதத்தான்."

"மூணாவது?" என்றார் தில்லைநாயகம். அவர் குரல் அவருக்கே யாரோ பக்கத்து மேசையில் கேட்பது மாதிரி இருந்தது.

"அது இலக்கு சார். அத நாங்க போடுறதில்ல. பிள்ளைங்களே எழுதுறது. நான் எதுவரைக்கும் போகணும்னு ஆசப்படுதேன்னு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு தகப்பனார் தன் மகனின் கையெழுத்தைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். தில்லைநாயகத்துக்குக் காதில் சூடு ஏறி, அது பிடரிக்குப் பரவி, சட்டைக் காலருக்குள் இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. கோட்டு, ஃப்ளெக்ஸ், கடல் கடந்த புகழ், அசன் மைதீனுக்குச் சொன்ன விளக்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கண்முன்னால் நின்றன. பள்ளியில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். இந்தக் கட்டடத்தில் கட்டம் வாசிக்கத் தெரியாதவர் தான் ஒருவர் மட்டுமே.

அப்போதாவது அவர் 'எனக்குப் புரியவில்லை டீச்சர்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தெரியும் டீச்சர்" என்றார். "அதெல்லாம் எனக்குத் தெரியும்."

விஜயஸ்ரீயின் நகம் மேசையில் நின்றது.

டார்லின் நல்ல மனுஷி. தில்லைநாயகம் தப்பிக்க ஒரு வாசலையும் திறந்துவிட்டார். "நாங்களும் அப்படித்தான் சார் நெனச்சோம். அந்த வண்ணார்பேட்ட ஃப்ளெக்ஸ் உங்களுக்குத் தெரியாம யாராவது வச்சிருப்பாங்கன்னு."

"ஆமா டீச்சர். மச்சினன் ஒருத்தன் இருக்கான். அவ்வளவா படிச்சவன் கெடையாது. அவன் பாட்டுக்கு வச்சிட்டான்."

பி.காம். படித்த குமரகுருபரன் அந்த நேரம் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் யாருக்கோ பம்பு மாட்டிக்கொண்டிருந்தான். தன் பட்டம் பறிபோனது அவனுக்குத் தெரியாது.

"நடுக் கட்டத்தப் பாத்திருப்பீங்க. கணக்குல டி-ல இருந்து சி-க்கு ஏறி வாரா. அது அவளுக்குப் பெரிய ஏத்தம் சார். விட்டுறாம முட்டுதா. உயிரியல்ல நான் ஏ போட்டிருக்கேன். இந்த வகுப்புல நான் ஏ போட்டது இவளுக்கு மட்டுந்தான். சும்மா தூக்கிப் போடுற ஆளு இல்ல நான்." டார்லின் விஜயஸ்ரீயின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "வீட்டுல சந்தோசப்பட்டிருப்பாங்க, இல்லட்டி?"

விஜயஸ்ரீ தலையை ஆட்டினாள். எந்தப் பக்கமாக ஆட்டினாள் என்று சொல்ல முடியாது.

தில்லைநாயகம் நடுக் கட்டத்தைப் பார்த்தார். உயிரியலுக்கு நேராக ஒற்றை ஏ. யாரும் கேட்காமல், யாரையும் பிடித்து வாங்காமல், உண்மையாகவே வந்த ஏ. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அவர்தான் வழியில் நிற்காமல் போய்விட்டார்.

திரும்பி வரும்போது அவர் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். வெயிலில் கண் கூசியது. பின்னால் இருந்தவள் ஒரு சிக்னலில் நின்றபோது காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

"மாமாவ ஏன்ப்பா சொன்னீங்க?"

அவர் முன்னால் நின்ற லாரியின் நம்பரை வாசித்தார்.

"டீச்சர் உங்களுக்குத் தெரியாம வச்சதுன்னு நம்பிட்டாங்க. நீங்க தெரிஞ்சேதான் செஞ்சீங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும். கட்டம் படிக்கத் தெரியாத ஆளா நீங்க? சி-ன்னு சொன்னா உங்களுக்குக் கேவலமா இருக்கும். அதான மூணாவது கட்டத்த மட்டும் சொன்னீங்க."

சிக்னல் விழுந்தது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். ஸ்கூட்டர் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

"நானுந்தான் தப்பு செஞ்சேன்" என்றாள் அவள். "இலக்குல கணக்குக்கு பி-ன்னுதான் எழுதுனேன். பெறவு நீங்க பாப்பீங்களேன்னு அழிச்சிட்டு ஏ ஸ்டாருன்னு எழுதுனேன். நீங்க அத ஊருக்கே போட்டுக் காட்டுனப்ப, நெசமா வாரத விட இதுதான் உங்களுக்கு வேணும்னு புரிஞ்சிட்டு."

தில்லைநாயகத்துக்கு முதலில் வந்தது, சொல்லவே நாக்கூசுகிற ஒன்று. நிம்மதி. மகள் அவரைப் பொய்யன் என்றுதான் நினைத்திருக்கிறாள். முட்டாள் என்று நினைக்கவில்லை. அறிக்கை வாசிக்கிறவர் என்ற பெயர் வீட்டுக்குள் இன்னும் பத்திரமாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தால் கடைசிவரை பத்திரமாகவே இருக்கும்.

அப்படி நினைத்த அடுத்த நொடி, மேசைக்கு முன்னால் வந்த சூட்டைவிடப் பெரிய சூடு ஒன்று அவருக்கு வந்தது. அவர் பெயர் பிழைத்திருப்பதற்கு விலை, தன்னுடைய சி-யைப் பார்த்து அப்பா வெட்கப்படுகிறார் என்று இவள் ஆயுசுக்கும் நம்புவது. அந்தப் பேரத்தில் அரை நொடி அவருக்குச் சந்தோஷம்கூட இருந்திருக்கிறது.

ரவுண்டானா வந்துவிட்டது. அவர் வழக்கமாகப் பேருந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிற இடம். கோட்டுப் போட்ட தில்லைநாயகம் மேலிருந்து போக்குவரத்தை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே டீக்கடை. கடை வாசலில், கண்ணாடி டம்ளரும் கையுமாகக் காசிலிங்கம்.

ஸ்கூட்டர் தானாக ஓரம் கட்டியது போலிருந்தது.

"வாரும்வே" என்றார் காசிலிங்கம். ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆளைப் பார்த்தார். "நேர்ல பாத்தா கொஞ்சம் வாடுன மாதிரி இருக்கீரே. என்னம்மா விஜி, நல்லாருக்கியா? அப்பா ஏ ஸ்டாரு வாங்குனதுல வீட்டுல எல்லாருக்கும் சந்தோசந்தான?"

கடை வாசலில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். விஜயஸ்ரீ ஸ்கூட்டரை விட்டு இறங்கி, துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"காசிலிங்கம்" என்றார் தில்லைநாயகம். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அதாவது, ஒரு அறிக்கை என்பதை நாம் அணுகும்போது, அடிப்படையில் அதன் கட்டமைப்பு…"

"சுருக்கமாச் சொல்லும்வே. டீ ஆறுது."

"நான் தப்பாப் படிச்சிட்டேன்."

காசிலிங்கம் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார்.

"இது அவ வாங்குன கிரேடு இல்ல வே. பரீட்சையே இன்னும் நடக்கல. அது பிள்ளைங்க எழுதுற ஆச. நம்ம ஆபீஸ் அறிக்க மாதிரின்னு நெனச்சி, கடைசிக் கட்டத்த நடந்ததுன்னு எடுத்துக்கிட்டேன். பிள்ள மொத நாளே சொல்ல வந்தா. கேக்கல. இப்ப டீச்சர் சொன்னப்பவும் தெரியும்னு பொய் சொல்லிட்டு வாரேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது. மறைக்கணும்னு வைக்கல இத. தெரியாமத்தான் வச்சேன்."

கடைசி இரண்டு வாக்கியத்தை அவர் காசிலிங்கத்துக்குச் சொல்லவில்லை. ஆனால் மகளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வராததால் காசிலிங்கத்தின் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார்.

பல வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் காசிலிங்கத்துக்கு இப்படிக் கையில் வந்து விழும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியாதவர் மாதிரி ஒரு வாய் டீ குடித்தார்.

"நேரா அங்கன போனீராக்கும்" என்றார் கடைசியில். "போற வழியில நிக்கல."

"நிக்கல."

"அந்தப் பயலுவளுக்கெல்லாம் இதத்தானவே சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கீரு?"

தில்லைநாயகம் ஸ்கூட்டர் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"சரி, அப்ப வழியில என்ன இருந்தது?"

"கணக்குல சி" என்றார் தில்லைநாயகம். கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. டீ ஆற்றுகிறவர்கூட நிமிர்ந்தார். "டி-ல இருந்து ஏறி வாரா. உயிரியல்ல ஏ. வகுப்புல அவளுக்கு மட்டுந்தான். டீச்சர் லேசுல போடுற ஆளு கிடையாது."

"சி-ன்னா பாஸ்தானம்மா?" காசிலிங்கம் விஜயஸ்ரீயைக் கேட்டார்.

"பாஸ்தான் மாமா."

"பெறவு என்ன சவத்துக்குவே இவ்வளவு பெரிய தட்டி?" என்று கேட்டுவிட்டுக் காசிலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். கைலியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேண்டாக இருந்ததால் இடுப்பில் இழுத்துவிட்டுக்கொண்டார். "ஸ்டூலு ஒண்ணு வாங்கும். நான் கீழப் பிடிக்கேன். நீரு ஏறும். ஏத்துனவருதான இறக்கணும்."

நட்ட நடு வெயிலில், ரவுண்டானாவின் நான்கு பக்கப் போக்குவரத்தும் பார்க்க, டீக்கடை ஸ்டூலில் ஏறி நின்று தில்லைநாயகம் தன்னைத் தானே அவிழ்த்தார். குமரகுருபரன் கட்டிய முடிச்சுகள். நற்பணி எதையும் அவன் அரைகுறையாகச் செய்வதில்லை. ஒரு கயிறு அவிழ்ந்ததும் கோட்டுத் தோள் தொங்கியது. ஜங்ஷனுக்குப் போகிற டவுன் பஸ் ஒன்று நெரிசலில் நின்றது. ஜன்னலோரம் இருந்தவர்கள் மேலே இருந்த முகத்தையும் ஸ்டூலில் இருந்த முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, நாளு முடிஞ்சிட்டா?" என்று படியில் தொங்கியவன் கேட்டான்.

"முடிஞ்சிட்டு" என்றார்.

மற்ற நுனியை விஜயஸ்ரீ பிடித்திருந்தாள். எப்போது வந்து பிடித்தாள் என்று அவர் பார்க்கவில்லை. துணி மாதிரி இல்லாமல் அது மொறமொறவென்று முரண்டு பிடித்தது. இருவருமாக விரித்து, நாலாக மடித்தார்கள். மடிக்கும்போது அவள் நிமிராமலே கேட்டாள்.

"நெசமாவே ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாதும்மா."

"பின்பக்கத்துல அவ்வளவு பெருசாப் போட்டிருந்ததே."

"நான் பின்பக்கம் எடுக்கவே இல்ல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அவர் கேட்கவுமில்லை. ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது, காசிலிங்கம் டீக்குக் காசு கொடுத்துக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழம அந்த அசன் மைதீன் பாயக் கூப்பிட்டு உக்கார வச்சி, முழுசா மறுபடியும் சொல்லிரும்வே. பாவம், பிள்ளைய சேக்கணும்னு வந்தவரு."

"சொல்லிருதேன்" என்றார் தில்லைநாயகம். அசன் மைதீன் ஒருவர் மட்டுமா? குமரகுருபரன் இருக்கிறான், டார்லின் டீச்சர் இருக்கிறார், அந்தப் பையன்கள் இருக்கிறார்கள்.

விஜயஸ்ரீ பின்னால் ஏறி, மடித்த ஃப்ளெக்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டர் ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பியது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். இன்னொரு பைக்கில் போனவர்களும் சிரித்தார்கள்.

"அப்பா" என்றாள் அவள். "மடிச்சதுல உங்க மூஞ்சிதான் வெளிய தெரியுது. தலகீழா இருக்கு. நிறுத்துங்க, மாத்தி மடிச்சிருதேன்."

அவர் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"இருக்கட்டும்ட்டி" என்றார். "வீடு வர வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."